தூக்குச்சட்டியில் செவ்வாய்க் கிரகம்

பயணம் போய் வந்து எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே நன்றிப் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். பெட்டி கட்டிக் கொடுத்த மனைவியில் தொடங்கி, கப்பலில் தலைவலி மாத்திரை கொடுத்த அடுத்த படுக்கைக்காரர் வரைக்கும் ஒருவர் விடாமல் வந்துவிடுவார்கள். எனக்கும் நன்றி சொல்ல ஓர் ஆள் உண்டு. ஆனால் பேரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் எனக்கு எரிச்சல் மூட்டியவர்களை முதலில் சொல்கிறேன். அந்தப் பட்டியல் நீளமானது.

நான் போனது அவசர காலத்தில். மலாயாவில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள், ரோட்டில் அரசாங்கம் துப்பாக்கியோடு இருந்தது, தோட்டத்து ஜனங்கள் நடுவில் முள்கம்பிக்குள் இருந்தார்கள். மலாக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் அத்தானும் அக்காவும் தீபாவளிக்கு வா, வா என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்காகத்தான் கப்பல் ஏறினேன் என்று அக்கா இன்றைக்கும் நம்புகிறாள். உண்மையில் நான் போனது தர்மலிங்கத்தின் நாவலுக்காக.

தர்மலிங்கம் மலாக்காவை அடுத்த ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் அவர் வேலை. எங்கள் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. செவ்வாய்க் கிரகத்தில் மனிதன் மூச்சு விட முடியாது என்று சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் கடிதம் எழுத, ஏன் முடியாது என்று மலாயாவிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். மூன்று மாதத்தில் ஆசிரியருக்கு அலுத்துப்போய், எங்கள் விலாசங்களை மாற்றிக் கொடுத்து, இனிமேல் தனியே அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷம் அடித்துக்கொண்டோம். ராக்கெட் கதை படிக்கிறவனை நம் ஊரில் பைத்தியம் என்பார்கள். அதே பைத்தியம் கடல் தாண்டி இன்னொருவருக்கும் இருக்கிறது என்பது எனக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

அந்த ஆறு வருஷமும் அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குள் கையெழுத்துப் பிரதி வந்தால் அச்சுப் போடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த சென்னைப் பதிப்பாளர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். நகலெடுத்துத் தபாலில் இரண்டு தடவை அனுப்பிய அத்தியாயங்கள் வந்து சேரவே இல்லை. இருப்பது ஒரே பிரதி. ஆகையால் ஆள் போய் வாங்கி வருவது என்று முடிவாயிற்று.

மலாக்காவில் இறங்கிய நாள் முழுக்க என்னிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், அடையாளக் கார்டு எங்கே என்று. துறையில் கேட்டார்கள், ரோட்டில் கேட்டார்கள், சாப்பாட்டுக் கடைக்குள் வந்து நான் வாயில் சோறு வைத்திருக்கும்போது கேட்டார்கள். அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்து கிடந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகை. அதில் ஒரு தளபதி செவ்வாயில் இறங்குகிறான், கொடி நடுகிறான், சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கிப் பசியாறுகிறான். கதை முழுக்க ஒருத்தனும் அவனிடம் கார்டு கேட்கவில்லை. எழுதினவர் மலாக்கா பக்கம் வந்ததே இல்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்.

தீபாவளியாவது நன்றாக இருந்ததா என்றால், பட்டாசு இல்லை. சத்தம் கேட்டால் பட்டாளம் வந்து நிற்கும் என்றார் அத்தான். எங்கள் மயிலாப்பூரில் விடிகாலை நான்கு மணிக்கே காது கிழியும். இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சுருட்டு பிடிக்கிற மாதிரி அமைதியாக உட்கார்ந்து முறுக்குத் தின்றோம். கோப்பியில் டின்பாலை ஊற்றிப் பாயசம் ஆக்கிவிடுகிறார்கள். இதைக் கோப்பி என்றா சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "குடிங்க மாப்ளே, ரெண்டு நாள்ல பழகிடும் லா," என்றார் அத்தான். அந்த ஊர்ப் பேச்சுக்கு லா என்று ஒரு வால் உண்டு. அவருக்குக் கார்டும் கம்பி வேலியும்கூட அப்படித்தான் பழகியிருந்தன.

மறுநாள் தோட்டத்துக்குக் கிளம்பினேன். முதல் தடவையாக ஒரு வீட்டுக்குப் போகிறவன், அதுவும் தீபாவளிக்கு மறுநாள், வெறுங்கையோடு போகலாமா என்று அக்கா மூன்றடுக்குத் தூக்குச்சட்டியில் அல்வாவும் அதிரசமும் முறுக்குமாக அடுக்கிவிட்டாள். அதைத் தோட்டத்துக்குள் கொண்டுபோக அத்தான் எங்கேயோ அலைந்து ஓர் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். அஞ்சடி என்கிற கடைத்தெரு நடைபாதையில் இருந்த ஒரு சீனர் கடையில் டின்பால் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஆணியை வைத்து, சுத்தியலால் தட்டி, இரண்டு ஓட்டை போட்டுக் கையில் கொடுத்தார். நான் ஓட்டை கேட்டேனா என்றேன். சட்டம் என்றார். ஓட்டை போட்ட டின் காட்டில் இருப்பவன் கைக்குப் போனாலும் இரண்டு நாளில் கெட்டுவிடுமாம். என் மடியில் இரண்டே நிமிஷத்தில் வழிந்துவிட்டது.

பஸ் பாதி வழியில் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் டயரை உதைத்தார், திரும்பி வந்து அமர்ந்தார், மறுபடியும் இறங்கிப் போய் அதே டயரை உதைத்தார். பின்னால் இருந்த ஒரு மலாய்ப் பெரியவர் என்னவோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த அம்மாளைக் கேட்டேன். நடந்தே போயிருந்தால் இந்நேரம் பேத்திக்குக் கல்யாணம் முடிந்து அவள் வளைகாப்புச் சோறும் தின்றிருக்கலாம் என்றாராம். அதற்குள் பட்டாளத்து லாரி வந்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தது. பால் பட்ட வேட்டியில் எறும்பு ஏறிக்கொண்டிருந்ததால் நான் கையைத் தூக்கி நிற்க முடியாமல் துள்ளினேன். அதற்காகத் தனியாக இன்னொரு சோதனை நடந்தது.

தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து லயங்களைச் சுற்றி இரட்டைக் கம்பி வேலி. ஒரே கேட். சீட்டைக் காட்டிப் பலகாரத்தை உள்ளே கொண்டுபோனேன். உள்ளே போகிற சாப்பாட்டுக்குத்தான் சீட்டு. வெளியே ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோற்றைக்கூட எடுத்துப் போக முடியாது. காட்டில் இருப்பவர்கள் பசியால் வெளியே வரவேண்டும் என்பது திட்டம். வெட்டுக்காரர்கள் தினமும் பசியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

தர்மலிங்கம் தன் கடிதங்களைவிட உயரம் குறைவு. கடிதத்தில் அத்தனை வாய், நேரில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். நான் கொண்டுபோன மூன்று பத்திரிகைகளையும் வாங்கி, கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாங்கினார். அவர் மனைவி பாக்கியம்தான் பேசினார். "வாங்கண்ணே, மொதல்ல பசியாறுங்க. செவ்வாய் எங்கயும் போயிராது," என்றார். எறும்பு ஏறிய வேட்டியைப் பார்த்துவிட்டு அவர் அடக்கிய சிரிப்பை நான் மன்னித்துவிட்டேன். ஆட்டுக்கறிக் குழம்பு அப்படி இருந்தது.

அன்று மத்தியானமே உட்கார்ந்து நாவலைப் படித்தேன். நான்கு நோட்டுப் புத்தகங்கள். செவ்வாயில் கண்ணாடிக் கூரைக்குள் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கூரைக்கு வெளியே, குகைகளில், ஓடிப்போனவர்கள் இருக்கிறார்கள். ஒரே வாசல், ஒரு காவலாள். வாசலைத் தாண்டி உணவு போகக் கூடாது. மலை, குகை, பாதை, உணவுக் கிடங்கு எல்லாம் போட்டு அழகான படமும் வரைந்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராக்கெட் எங்கே என்றேன். ஐந்தாம் பக்கத்திலேயே இறங்கியாயிற்றே என்றார். இது செவ்வாயா உங்கள் தோட்டமா என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கதைதான் அண்ணே. வெறுங் கதை," என்றார்.

அதைவிடப் பெரிய இடி கடைசிப் பக்கத்தில் இருந்தது. முடிவு இல்லை. கதாநாயகி தன் வீட்டிலிருந்து வாசலை நோக்கி நடக்கிறாள், அதோடு சரி. ஆறு வருஷமாக அவளை எப்படி வாசலைத் தாண்ட வைப்பது என்று தெரியவில்லையாம். நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன், ஐயா. தலையில் அடித்துக்கொண்டு, இருக்கிறதைக் கொடுங்கள், முடிவைத் தபாலில் அனுப்புங்கள் என்றேன்.

மறுநாள் காலையில் நல்ல மழை. நான் கிளம்பினேன். நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று பாக்கியம் சொன்னார். நான் பைக்குள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். தர்மலிங்கம் வழியனுப்ப என்னோடு கேட் வரை வந்தார். கேட்டில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள், மலாய்க்காரர், தூக்குச்சட்டியைத் திற என்றார். அக்காவின் தூக்கு, கழுவித்தானே கொடுத்திருப்பார்கள் என்று நான் அலட்சியமாகத் திறந்தேன். மூன்று அடுக்கிலும் சுருட்டிச் சுருட்டி நோட்டுகள். மேலே செவ்வாயின் படம்.

விஷயம் இதுதான். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். தோட்டத்தில் சர்க்கரை வெளியே போகாது. முன்பு ஒரு தடவை வெற்றிலை வைத்துப் பார்த்தார்களாம், வெற்றிலை சாப்பாடா இல்லையா என்று கேட்டில் அரை நாள் விசாரணை நடந்ததாம். அதனால் பாக்கியம் யோசித்திருக்கிறார். தின்னாத சாமானாகவும் இருக்க வேண்டும், வெறுமையாகவும் இருக்கக் கூடாது, மழையில் நோட்டும் நனையக் கூடாது. உலகத்தில் வேறு எந்த நாட்டுக்காரிக்கும் இந்த யோசனை வந்திருக்காது. சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் ஒளித்து வைத்த, புரியாத எழுத்தில், குகையும் பாதையும் உணவுக் கிடங்கும் குறித்த வரைபடம். அந்தக் கான்ஸ்டபிள் என்ன நினைப்பார்? நானாக இருந்தாலும் விசிலைத்தான் ஊதியிருப்பேன்.

லாரியில் ஏற்றி, பக்கத்து ஊரில் போலீஸ் ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். தர்மலிங்கத்தையும் சேர்த்துத்தான். என் கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அவருக்குத் தமிழ் படித்துச் சொல்ல ஓர் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். பெயர் எழுதக் கூடாது என்று சொன்னேனே, அவர்தான். நம்மவர்தான், டவுனில் குடியிருப்பவர். வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் நோட்டு நோட்டாகப் படித்து இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டார்.

அந்த மனிதர் மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை விடமாட்டார். தர்மலிங்கம் எழுதிய சந்திர வர்ணனைகளை, நானே தாண்டிப் போன இடங்களை எல்லாம், நிறுத்தி நிதானமாக மொழிபெயர்த்தார். உணவுக் கிடங்கு என்ற இடத்தில் அப்படியே உணவுக் கிடங்கு என்றார். வெளியே காரிடாரில் அவரைப் பிடித்து, அதைச் சமையலறை என்று சொல்லக் கூடாதா ஐயா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதினாறு வருசமா இந்த வேலை பாக்குறேன். ஒரு வார்த்தை கூட்டுனதில்ல, ஒரு வார்த்தை கொறைச்சதில்ல. கோர்ட்டுல என் வாய நம்பித்தான் தீர்ப்பு எழுதுறாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் நாலாவது நோட்டும் முடிந்தது. அதிகாரி என்னவோ கேட்க, மொழிபெயர்ப்பாளர் எங்களிடம் திரும்பினார். "தொரை கேக்குறாரு, மிச்ச நோட்டு எங்கேன்னு. கதைன்னா ஒரு முடிவு இருக்கணும் லா டிரஸ்ஸர். இது பாதியில நிக்குது. முடிவு இல்லன்னா இது கதை இல்ல, ஏதோ திட்டம்ங்கிறாரு."

முடிவே எழுதவில்லை என்று நாங்கள் சத்தியம் செய்தோம். அதிகாரி நம்பவில்லை. ஆறு வருஷம் எழுதினவன் முடிவு எழுதாமல் இருப்பானா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி, நானும் அதைத்தான் கேட்டேன். முடிவைக் கொண்டுவராவிட்டால் நோட்டுகளும் இங்கே இருக்கும், டிரஸ்ஸரும் இங்கே இருப்பார், அதற்குப் பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்ப எழுதிவிடுவேன் என்றார். தர்மலிங்கம் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பிறந்தது அந்த லயத்தில்தான்.

"காயிதம் குடுங்க," என்றார் தர்மலிங்கம். "இப்பவே எழுதித் தர்றேன்."

பெஞ்சில் உட்கார்ந்து, போலீஸ் காகிதத்தில், போலீஸ் பேனாவால் எழுத ஆரம்பித்தார். ஆறு வருஷம் வராதது மடமடவென்று வந்தது. நான் தோளுக்கு மேலாகப் படித்தேன். குகையில் இருப்பவர்களிடமிருந்து பண்டிகைக்கு ஒரு தூக்கு வந்திருக்கிறது. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சோறு வைத்து மூடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது என்று எழுதினார். செவ்வாயில் அந்தக் காற்றழுத்தத்தில் ஆவி அப்படி எழாதே என்று நான் ஆரம்பித்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு என் மேல் கோபம் வந்தது. "அண்ணே, கொஞ்சம் வாயப் பொத்துறீங்களா," என்றார்.

பொத்திக்கொண்டேன். கடைசி வரிகளுக்கு வந்தேன். காவலாள் தூக்கைத் திறந்து பார்க்கிறான். உள்ளே சோறு. அவளைப் பார்க்கிறான். மூடியை மூடுகிறான். 'காலி. போகலாம்' என்கிறான். அதோடு முற்றும்.

இதைக் கொடுத்தால் தொலைந்தோம் என்று அவர் காதில் சொன்னேன். காவலாளே சோற்றை வெளியே விடுகிறான் என்று கதை எழுதி, அதைக் காவல்காரர்களிடமே கொடுப்பதா? அவளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், சோற்றைக் கொட்டச் சொல்லுங்கள், எதையாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாக்கியத்திடம் போய் நான் என்ன சொல்வேன்? தர்மலிங்கம் பேனாவை மூடினார். "இதான் அண்ணே முடிவு. இத்தன நாளா எனக்கே தெரியாம இருந்துச்சு. மாத்த முடியாது," என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் வாங்கிப் படித்தார். மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதிகாரியிடம் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். பண்டிகை, தூக்கு, வாசல் வரைக்கும் நடந்து போவது, எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை சரியாக வந்தது. சோறு வைக்கிற இடம் மட்டும் வரவில்லை. நான் தலையை நிமிர்த்தினேன்.

"காவலாள் மூடியைத் திறந்து பார்க்கிறான். தூக்கு காலி. போகலாம் என்கிறான். கதை முடிந்தது," என்றார் அவர். சந்திர வர்ணனை சொன்ன அதே குரல்.

எனக்கும் தர்மலிங்கத்துக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். அவ்வளவுதானா என்று அதிகாரி கேட்டார். அவ்வளவுதான் என்றார். ஆறு வருஷம் எழுதி இதுதானா முடிவு, ஒன்றுமே நடக்கவில்லையே என்று அலுத்துக்கொண்டு அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் வாழ்நாளில் ஒரு மோசமான விமரிசனத்துக்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

நான்கு நோட்டையும் மூன்று பக்கத்தையும் மொழிபெயர்ப்பாளரே சுருட்டித் தூக்கில் வைத்து, கொக்கியை மாட்டிக் கையில் கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "எதுக்கு நன்றி? உள்ளத உள்ளபடிதான் சொன்னேன்," என்றார். கொஞ்சம் நின்று, "என் பேர எங்கயும் எழுதிராதீங்க," என்றார். தர்மலிங்கம்தான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

பொங்கலுக்குள் என்றார் அல்லவா அந்தப் பதிப்பாளர்? அந்தப் பொங்கல் போய், அவசர காலமே முடிந்துபோய், இப்போதுதான் புத்தகம் அச்சுக்கு ஏறியிருக்கிறது. அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. முதல் பக்கத்தில் யாருக்கு நன்றி போடுவது என்று கேட்டுத் தர்மலிங்கத்துக்கு எழுதினேன். அந்தப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. தர்மலிங்கத்துக்கு வாய்க்கட்டு உண்டு. எனக்குக் கிடையாது, அதனால்தான் இத்தனை பக்கம்.

இன்று காலையில் அச்சகத்திலிருந்து ஆள் வந்தான். நன்றி என்று தலைப்பு இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை, மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, பக்கம் வீணாகிறதே, கூந்தல் தைல விளம்பரம் ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா என்று முதலாளி கேட்டனுப்பியிருந்தார். கூடாது என்றேன். அதில்தான் ஒன்றுமே இல்லையே சார் என்றான் அவன். ஆமாம், காலிதான், அப்படியே போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.